ராமாமணி நினைவு வயர்

ராமாமணி சாவதற்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. எரிவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

சாகிற வேலையை அவள் தனியாகவே பார்த்துக்கொண்டாள். புதன்கிழமை காலை ஆறேகாலுக்குப் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தாள், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு தொந்தரவு வைக்கவில்லை. எரிக்கிற வேலையை ஒரு அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், பதினைந்து அறங்காவலர்கள், ஒரு மேலாளர். இத்தனை பெரிய மனுஷர்கள் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

புருஷன் ரங்கராஜ் பெரியநாயக்கன்பாளையத்தில் முப்பத்தாறு வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவார். ஒரு சாமான் இன்னொரு சாமானுக்குள் போகவில்லையென்றால் ஒரு நூல் அளவு கடைந்து உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற ஆள். உலகத்தில் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது என்று அறுபத்தெட்டு வயசு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் நவநீத் லீவுக்கு வந்திருந்தான். அழுதுகொண்டே செல்போனில் 'நிறைவுச் சோலை எரிவாயு மயானம்' என்று தேடி டோக்கன் போட்டான். பதினொன்றரை மணிக்கு இடம் கிடைத்தது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலியாகப் போன புண்ணியவதி என்று நாலு பேர் சொல்லக் கேட்டு, சொர்க்க ரதத்தில் ஏற்றினார்கள். வாசல் தாண்டின பிணம் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. அது எல்லா வீட்டுக்கும் உள்ள வழக்கம்தான்; ரங்கராஜ் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எதற்குத் திரும்ப வரப்போகிறது?

நிறைவுச் சோலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தார்ச்சாலையில் இருக்கிறது. அங்கே உபயதாரர் பெயர் இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது உள்ளே வருகிற பிணம்தான். கேட்டில் ஒருவர் பெயர், கேட்டின் தாழ்ப்பாளில் அவர் பங்காளி பெயர். பெஞ்சில், குழாயில், குழாயடி வாளியில் பெயர். டியூப் லைட்டில் எழுதின பெயர் போக மிச்சமிருந்த கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வேப்பமரத்தில்கூட ஒரு தகரத்தை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். பிணம் தள்ளுகிற வண்டியின் தலைமாட்டில் ஒரு நகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வாழ்த்துச் சொல்லியிருந்தார்.

ரங்கராஜ் ஆபீஸுக்குள் போனபோது மேஜையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் பழைய பிரிண்டர் ஒன்று. துணி போர்த்தி, அதற்கும் ஒரு முழம் பூ.

"ஏனுங்க, டோக்கன் போட்டிருக்கோமுங்க. ரங்கராஜுங்க. ஊட்டுக்காரி."

மேலாளர் திருமூர்த்தி எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. "வாங்க வாங்க. நெம்ப வருத்தமுங்க. டோக்கன் நெம்பர் ஒண்ணு நீங்கதானுங்க. புதுக் கம்ப்யூட்டர் இன்னிக்குக் காலையில ஒம்பதே காலுக்குத்தான் தொறந்தோம். நம்ம செயலாளர் சாய்கிருஷ்ணா அவங்கப்பா நினைவா குடுத்தது. அதுல மொதப் பொணம் அம்மாதானுங்க. சித்தெ உக்காருங்க. ரசீது மட்டும் வராதுங்க."

"வராதுன்னா?"

"பிரிண்டர் பழசுங்க, கம்ப்யூட்டர் புதுசுங்க. ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது."

ரசீது மூன்று பிரதி. ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று அடுப்புக்கு. அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ராமுலு, கையில் சீட்டு வராமல் கதவைத் திறக்கமாட்டார். அது சட்டம்.

"கையில எழுதிக் குடுங்களேன்" என்றார் ரங்கராஜ்.

திருமூர்த்தி சுவரைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம். முழுவதும் கணினிமயமான மயானம் என்று ஏதோ ஒரு சங்கம் கொடுத்தது. "கையில ஒரு ரசீது எழுதுனா கேடயத்தைத் திருப்பிக் கேட்டுருவாங்க. அப்பறம் தலைவர் மூஞ்சில எப்பிடிங்க முழிக்கறது?"

நவநீத் முன்னால் வந்தான். "சார், ஃபைலைக் குடுங்க. வெளிய கடையில பிரிண்ட் எடுத்துட்டு வந்தர்றேன்."

"வெளி பிரிண்டர்ல எடுத்தா அது ரசீதாகாது தம்பி. வெறுங்காயிதம்."

"அப்ப வேற மயானத்துக்குப் போறோம்."

"தாராளமாப் போங்க. ஆனா டோக்கன் விழுந்த பாடியை வேற எடத்துல வாங்க மாட்டாங்க. ரத்துச் சீட்டு வேணும்" என்றவர், துணி போர்த்திய பிரிண்டரைப் பார்த்தார். மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொர்க்க ரதத்துக்கு அடுத்த சாவு காத்திருந்தது. டிரைவர் ராமாமணியை இறக்கிக் காத்திருப்புக் கூடத்தில் விட்டுவிட்டு, வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனான்.

நவநீத் காந்திபுரத்தில் பழைய பிரிண்டர்கள் பார்க்கிற உமர் பாரூக்கைப் போனில் பிடித்தான். அவர் சாவு வீட்டு விஷயம் என்று கேட்டதும் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பிரிண்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க அய்யா. பழசுக்கு அகல வாயி. புதுசுல அந்த ஓட்டையே கெடையாது. நடுவுல ஒரு மாத்து வயரு போட்டாப் போதும். பையிலயே இருக்குது."

ரங்கராஜுக்கு உயிர் வந்தது. இது அவருக்குப் புரிகிற பாஷை. உமர் பாரூக் வயரைப் போட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். இரண்டு நிமிஷம். பிரிண்டருக்குள் தலை இடப்பக்கம் ஓடி, வலப்பக்கம் ஓடி, கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

திருமூர்த்தி பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கினார்.

"என்னங்க பண்றீங்க. பிரிண்டர் தலைவரோட அம்மா தெய்வாத்தாள் நினைவு. கம்ப்யூட்டர் செயலாளரோட அப்பா நினைவு. ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை, ரெண்டு வருசமாச்சு. நடுவுல யாரு உபயம்னே தெரியாத ஒரு வயரைச் சொருகி வெச்சா, என்ர வேலை என்னாகறது?"

"ஓசியாவே வெச்சுக்குங்க" என்றார் உமர் பாரூக்.

"ஓசியா வாங்கற பழக்கம் இங்க இல்லீங்க. உபயமாத்தான் வாங்குவோம்."

உமர் பாரூக் ரங்கராஜின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, வயரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த வளாகத்துக்குள் வேலை பார்க்க வந்த ஒரே மனுஷர் அவர்தான். அவரை ஒரு டீ குடிக்கச் சொல்லக்கூட ஆள் இல்லை.

நாலு மணிக்கு அவசரக் கூட்டம் என்று அறிவித்தார்கள். பிணம் எரிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பதாக வந்த சொந்தக்கார ஒறம்பரைச் சனம், இரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக நழுவி மெயின் ரோட்டு பேக்கரியில் தேங்காய் பன்னோடு நின்றது. மூன்றரைக்குப் பெரிய மச்சினர் வந்து, "நாங்க கெளம்பறோமுங்க மாப்பிளெ, எப்ப எரிக்கறீங்கன்னு ஒரு போன் மட்டும் பண்ணிப்போடுங்க" என்றார். காத்திருப்புக் கூடத்தில் ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்த வேண்டியிருந்தது.

கூட்டத்தில் தலைவர் சென்னியப்பன் முதலில் பேசினார். அவர் பேசும்போது தொண்டை தழுதழுக்கும். அது அவருடைய வாடிக்கை.

"எங்கம்மா தெய்வாத்தாள் இருந்தவரைக்கும் ஒருத்தர் ஊட்டு வாசப்படி ஏறி ஒண்ணு கேட்டதில்லீங்க. அவங்க பேர்ல இருக்கற பிரிண்டர் போயி இன்னொருத்தர் கம்ப்யூட்டர்கிட்ட, எனக்கு வேலை குடுன்னு நிக்கோணுமா? வயரு இங்கிருந்து அக்கட்டால போறதா, அக்கட்டால இருந்து இங்க வர்றதா, அதை மொதல்ல முடிவு பண்ணுங்க. நான் பொணத்துக்கு எதிரி இல்லீங்க. பொணம் இல்லாட்டி அறக்கட்டளை ஏது, நான் தலைவர் ஏது? ஆனா பொணம் இன்னிக்கு வரும், நாளைக்குச் சாம்பலாப் போயிரும். நிர்வாகம் நிக்கோணும்."

கைதட்டினார்கள். செயலாளர் சாய்கிருஷ்ணா எழுந்தார். மூன்று மில்லுக்குச் சொந்தக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"எங்கப்பா காலமானப்ப மூணு மில்லுக்கும் லீவு. அன்னிக்கு ஓடாத தறிக்குக் கூலி புடிச்சமே தவிர, மரியாதையில ஒரு கொறை வெக்கலை. அவர் பேர்ல இருக்கற புதுக் கம்ப்யூட்டர் வந்து, அந்தப் பழைய டப்பாவுக்குத் தகுந்த மாதிரி எறங்கி வரோணுமா? அது போகட்டும். எங்கப்பா கம்ப்யூட்டர்ல மொதோ ரசீதே சாவு ரசீதா? சுபமா ஏதாச்சும் ஒண்ணு அடிச்சுட்டுத்தான் மத்தது."

மயானத்தில் சுபமாக என்னத்தை அடிப்பது என்று ஒரு அறங்காவலர் கேட்டார். அதற்கு ஓர் உபகுழு போட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ரங்கராஜ், மணி ஐந்தரை என்பதைப் பார்த்தார். ஆறு மணிக்கு கேஸ் நிறுத்திவிடுவார்கள். அவர் எழுந்து போய் வாசலில் நின்றார்.

"ஏனுங்க பெரியவங்களே. அந்த வயரு ரெண்டு பேர்த்தோடதும் வேண்டாமுங்க. நானே குடுத்தர்றேன். என்ர ஊட்டுக்காரிய மட்டும் எரிச்சுக் குடுத்துருங்க. உங்க காலு வேணும்னாலும் புடிச்சுக்கறேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் செயலாளர் தலைவரைப் பார்த்தார். பொதுவான மூன்றாவது மனுஷர். இரண்டு பக்கமும் சாராத வயர். பதினேழு முகமும் மலர்ந்தது.

"அருமைங்க" என்றார் சென்னியப்பன். "யாரோட நினைவாங்க?"

"என்னதுங்க?"

"வயரு. உபயம்னா பேரு வேணுமில்லீங்களா."

ரங்கராஜ் காத்திருப்புக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாக அவளை "ஏமே" என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அவள் பெயர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை. கேஸ் சிலிண்டர்கூட அவர் பெயரில்தான்.

"ராமாமணிங்க" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. சுபமான முதல் அச்சாக அந்தத் தீர்மானத்தையே அடிப்பது என்றும், இணைப்பு விழாவை வியாழக்கிழமை பத்தரை மணி நல்ல நேரத்தில் வைப்பது என்றும் முடிவாயிற்று. அதற்குள் ஆறு அடித்து ராமுலு கேஸை நிறுத்திவிட்டார். ராமாமணியை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தப் பெட்டியும் உபயம்தான். கண்ணாடி மூடியில் அவள் முகம் தெரிகிற இடத்துக்கு மேல் ஒரு சிட்பண்ட்காரர் பெயர்.

இங்கேதான் ஒரு விஷயம் நடந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரங்கராஜ் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஏழு மணிக்குப் பிளெக்ஸ் போர்டு அடிக்கிறவன் போனில் கூப்பிட்டு, அம்மாவின் நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்றான். எரிந்து விழ வேண்டிய மனுஷர், செல்போனில் தேட ஆரம்பித்தார். மருதமலைப் படியில் அவள் மூச்சு வாங்க நின்றபோது எடுத்தது ஒன்று கிடைத்தது. அதை அனுப்பினார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"பேரு எத்தாச்சோடு பெருசாப் போடறீங்க?"

"வயருங்கற எழுத்துக்கு ஒரு ஜாணுங்க, அம்மா பேருக்கு அரை ஜாணுங்க."

"மாத்திப் போடுங்க. அப்பறம் வயருல தொங்கறதுக்குப் பித்தளைத் தகடு வேணும். தகரம் வேண்டாம், துருப் புடிச்சுக்கும். அளவு நான் சொல்றேன், எழுதிக்குங்க."

நவநீத் ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நிறைவுச் சோலையில் ஷாமியானா, மைக்செட், நாற்காலி. 'மாபெரும் வயர் இணைப்பு விழா' என்ற பிளெக்ஸில் தலைவர் ஒரு பக்கம், செயலாளர் ஒரு பக்கம், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ராமாமணி. வெண்கலக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ரங்கராஜுக்குத் தீட்டு, பிணம் எரியாதவரை அவர் நல்ல காரியத்தில் கை வைக்கக்கூடாது. அதனால் அவரையும் மகனையும் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பொன்னாடையைத் திருமூர்த்தி ஒரு குச்சியில் மாட்டி, மேலே படாமல் ஜன்னல் வழியாக நீட்டினார். ரங்கராஜ் எட்டி எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

மைக்குக்கு பிளக் பாயிண்ட் பற்றவில்லை. மைக்செட்காரன் இரண்டு பக்கமும் தேடிப் பார்த்துவிட்டு, கூடத்தில் இருந்த ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு மைக்கைச் சொருகினான். ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது.

ரங்கராஜ் அதைப் பார்த்தார். நவநீத்தும் பார்த்தான்.

"அப்பா, சொல்லுங்க. பெட்டிய நிறுத்திட்டாங்க."

"சித்தெ இரு கண்ணு" என்றார் ரங்கராஜ். "அம்மா பேரைப் படிக்கறாங்க."

படித்தார்கள். முக்கால் மணி நேரம் படித்தார்கள். ஓர் இல்லத்தரசியின் பெயரால் இரண்டு இயந்திரங்கள் ஒன்றாகின்றன என்று சென்னியப்பன் தழுதழுத்தார். கொங்கு மண்டலத்தில் ஒரு வயருக்கு இவ்வளவு பெருமை கிடைத்தது இதுதான் முதல் தடவை என்றார் சாய்கிருஷ்ணா. பிறகு தலைவர் பிரிண்டர் முனையையும் செயலாளர் கம்ப்யூட்டர் முனையையும் பிடித்து, போட்டோக்காரன் மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் சொருகினார்கள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். தீர்மானம் மூன்று பிரதி வந்தது. அப்புறம் தலைவருக்கு நன்றி மூன்று பிரதி. செயலாளருக்கு நன்றி மூன்று பிரதி. கடைசியாக, பன்னிரண்டே முக்காலுக்கு, ராமாமணியின் ரசீது வந்தது.

அதற்குள் பிரிண்டரின் மை ரிப்பன் வெளுத்துப்போயிருந்தது. ராமுலு சீட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"ஒரு எழுத்தும் தெரியலீங்க" என்றார். "பரவால்லீங்க, சீட்டுன்னு ஒண்ணு இருக்குதில்ல. தள்ளுங்க."

பிணத்தோடு நாலு பேர்தான் உள்ளே போனார்கள். மீதிக் கூட்டம் ஷாமியானாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ரங்கராஜ் பொன்னாடையைக் கழற்றவில்லை. நவநீத் கற்பூரத்தை வைத்து அம்மாவை உள்ளே தள்ளிவிட்டு, சாம்பலை மறுநாள் தனியாக வந்து வாங்கிப் பேரூர் ஆற்றில் கரைத்துவிட்டு, பெங்களூருக்கு பஸ் ஏறினான். அதற்கப்புறம் அவன் அப்பாவுக்குப் போன் பண்ணவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ரங்கராஜைப் பதினாறாவது அறங்காவலராகச் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு வந்துவிடுவார். புளி போட்டுப் பித்தளைத் தகட்டைத் துலக்குவார். பிரிண்டர் கிர்ரென்று சத்தம் போட்டால், வருகிறவர்களிடம் "ஊட்டுக்காரிங்க" என்பார்.

ஏழாவது மாதம் கம்ப்யூட்டருக்குள் ஏதோ தானாகவே புதுசாக மாறிக்கொண்டதாம். அன்றிலிருந்து அந்த வயரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. பிரிண்டர் சத்தம் நின்றது.

அன்றைக்குக் காலையில் சோமனூரிலிருந்து தறி ஓட்டுகிற ஒருவர் மகளைக் கொண்டுவந்திருந்தார். பதினாலு வயசு. டெங்கு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று யாரோ விவரம் சொல்ல, அவரே காந்திபுரத்தில் உமர் பாரூக் கடைக்கு ஓடி, இந்த மாறுதலுக்குத் தோதான வேறு வயரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு கையாலும் அதை மேஜைமேல் வைத்தார்.

"பழசைக் கழட்டிட்டு இதைப் போட்டா ரெண்டு நிமிசத்துல வந்துருமாமுங்க."

திருமூர்த்தி ரங்கராஜைப் பார்த்தார். ரங்கராஜ் எழுந்து வந்து அந்த வயரைக் கையில் வாங்கி, முனையைத் திருப்பிப் பார்த்தார். கச்சிதமான சாமான், அப்படியே உள்ளே போய் உட்காரும். லேத்துக்காரருக்குத் தெரியாதா?

"வயரு சரியானதுதானுங்க" என்றார், குரலில் அத்தனை தன்மை. "ஆனா அந்த எடத்துல பேரு இருக்குது பாருங்க. அதைக் கழட்டறதுன்னா பொதுக்குழுவைக் கூட்டோணும். நோட்டீஸ் குடுக்கோணும். ஒரு ரெண்டு நாளு ஆகுமுங்க."

அந்த மனுஷர் வெளியே மகள் கிடந்த வண்டியைப் பார்த்தார்.

"வெயிலு ஏறுது" என்றார் ரங்கராஜ். "புள்ளைய சித்தெ நெழல்ல தள்ளி வெச்சுக்குங்க கண்ணு."